கீசர் ஒழுகுகிறதா? இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

உப்புவெளியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஓர் அக்கா போன ஆனி மாதம் என்னைக் கூப்பிட்டிருந்தார். குளியலறைச் சுவரில் 30 லீற்றர் கீசர். அதற்குக் கீழே ஒரு வாளி, வாளிக்குள் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர். "தம்பி, இரவிரவாச் சொட்டுது. அந்தக் குட்டி வாயை ஒருக்கா அடைச்சு விடுங்கோ, காணும்" என்றார்.

அவர் கைகாட்டியது, அழுத்தம் கூடினால் திறந்து தண்ணீரை விடும் பாதுகாப்பு வால்வின் வாய். அதை நான் அடைக்கவில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வால்வில் ஒரு குறையும் இல்லை. அதற்கு மேலே ஹோஸின் முனையில் கசிந்த தண்ணீர் வால்வின் உடலில் வழிந்து, நுனியில் திரண்டு சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ரப்பர் வோசரை மாற்றியதும் வேலை முடிந்தது.

திருகோணமலையில் இருபது வருடமாகக் குழாய் வேலையும் கீசர் வேலையும் செய்கிறேன். இந்த வேலையில் முக்கால்வாசி கண்ணுக்குத்தான். தண்ணீர் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. இரண்டாவதைக் கண்டுபிடிக்காமல் ஸ்பானரை எடுத்தால் ஒரு ஒழுக்கு மூன்றாகும். ஆகவே, கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

சுவரில் தொங்கும் கீசர் இரண்டு தோல் உள்ள ஒரு பாத்திரம். வெளியே தெரிவது தகரம் அல்லது பிளாஸ்டிக் மூடி. உள்ளே தண்ணீர் நிற்கும் தாங்கி. பெரும்பாலும் இரும்பில் செய்து உட்பக்கம் கண்ணாடிப் பூச்சுப் பூசியிருப்பார்கள்; சிலவற்றில் துருப்பிடிக்காத எஃகு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வெப்பம் போகாமல் தடுக்கும் நுரை. தாங்கியின் ஒரு பக்கத்தில் வட்டமான தட்டு ஒன்றைப் பூட்டி, அதில் சூடாக்கும் எலிமென்ட், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், மக்னீசியக் கம்பி மூன்றையும் பொருத்தியிருப்பார்கள். தட்டுக்கும் தாங்கிக்கும் இடையில் ரப்பர் காஸ்கெட். நீல வளையம் போட்ட குழாயால் குளிர் தண்ணீர் உள்ளே போகிறது, சிவப்பு வளையம் போட்டதால் சுடுதண்ணீர் வெளியே வருகிறது. நீலக் குழாயின் வாயிலேயே பாதுகாப்பு வால்வு இருக்கும்.

ஒழுக்கு வரக்கூடிய இடங்கள் இவ்வளவுதான்: ஹோஸின் இரண்டு முனைகள், ஹோஸ், வால்வு, காஸ்கெட், உள் தாங்கி. இவை எதுவும் இல்லையென்றால் சுவருக்குள் போகும் குழாய்.

கை வைக்க முன்

கீசரின் சுவிட்சை நிறுத்துவது போதாது. பிரேக்கர் பெட்டிக்குப் போய் அந்த லைனின் பிரேக்கரையும் கீழே தள்ளுங்கள். யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி அதன் மேல் ஒரு டேப் ஒட்டி, வீட்டிலிருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். மூடியைத் திறந்ததும் முனைகளை டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் கரண்ட் உள்ள இன்னொரு பிளக்கில் சோதித்திருக்க வேண்டும். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது இரண்டாவது வாய்ப்புத் தராது. காய்ந்த ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

கீசரைப் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? அப்படியானால் எலிமென்டின் உறை வெடித்திருக்கும், அல்லது ஒழுகும் தண்ணீர் மின் முனைகளைத் தொட்டிருக்கும். திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுக் குளிக்காதீர்கள். அதைவிட, "ட்ரிப் சுவிட்ச் தொல்லை" என்று அதைக் கழற்றி நேராக வயர் கொடுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்து தர நான் ஒருபோதும் சம்மதித்ததில்லை.

அடுத்து, சூடு. 60 பாகை செல்சியஸ் தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். நிறுத்திய பிறகு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, குளிர் தண்ணீராக வரும்வரை விட்டால் தாங்கி ஆறிவிடும். இது மணிக்கணக்கில் காத்திருப்பதைவிட விரைவு.

எங்கே ஒழுகுகிறது

பழைய துவாய் ஒன்றால் கீசரின் அடிப்பக்கம், ஹோஸ்கள், வால்வு, சுவர் எல்லாவற்றையும் ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடையுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிடுங்கள். ஹோஸின் மேல் முனைக்கு ஒன்று, கீழ் முனைக்கு ஒன்று, வால்வின் வாய்க்கு ஒன்று, மின் பகுதி மூடியின் விளிம்புக்கு ஒன்று. டிஷ்யூ சுற்ற முடியாத இடத்தில் குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். தண்ணீர் போன வழி பவுடரில் கோடாகத் தெரியும். முதலில் நனையும் பேப்பர் எது என்பதுதான் கேள்வி. ஆகவே அங்கேயே இருங்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாமே நனைந்திருக்கும்.

ஒரே நிலையில் மட்டும் பார்த்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். மூன்று நிலைகளில் பாருங்கள்.

முதலாவது, கீசர் ஆறியபடி, எல்லாக் குழாயும் மூடியபடி. இந்த நிலையிலேயே சொட்டினால் ஹோஸ் இணைப்பு, காஸ்கெட், தாங்கி மூன்றில் ஒன்று, அல்லது வால்வு சரியாக மூடவில்லை.

இரண்டாவது, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து ஓடவிட்டு. அப்போது மட்டும் நனைந்தால் வெளியே போகும் சிவப்புப் பக்கத்தைச் சந்தேகியுங்கள். மூன்றாவது, கீசரைப் போட்டுச் சூடேற்றி. இதற்கு முன் மூடிகளைத் திரும்பப் பூட்டியிருக்க வேண்டும்; கையால் எதையும் தொடாமல் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும். 30 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக 2000 வாட்ஸ் எலிமென்டுக்கு ஏறக்குறைய 35 நிமிடம் ஆகும், 1500 வாட்ஸ் என்றால் முக்கால் மணி. அந்த நேரத்துக்குள் வால்வின் வாயில் மட்டும் சொட்டி, ஆறியதும் நின்றால் அது பழுதே அல்ல. ஏன் என்று வால்வைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

எந்த இணைப்பும் நனையாமல், வெளி மூடியின் பொருத்து வழியாகவோ அடியில் இருக்கும் சிறு துளை வழியாகவோ தண்ணீர் வருகிறதா? மின் பகுதி மூடியைத் திறந்து பாருங்கள். தட்டின் விளிம்பைச் சுற்றி ஈரமும் வெள்ளைப் படிவும் இருந்தால் காஸ்கெட். தட்டு காய்ந்திருந்து, நுரைப் பக்கமிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தால் உள் தாங்கியில் ஓட்டை. நுரை தண்ணீரை உறிஞ்சி வைத்திருந்து பிறகுதான் விடும். ஆகவே தாங்கி ஓட்டை தெரியவரும் நேரம், அது ஒழுகத் தொடங்கிப் பல நாள் கழிந்த நேரமாக இருக்கும்.

சிலர் "குழாய் வியர்க்கிறது" என்று நினைப்பார்கள். குளிர் நாட்டில் அது நடக்கும். இங்கே கூரையில் வெயிலில் கிடக்கும் தாங்கித் தண்ணீர் காற்றைவிடக் குளிராக இருப்பதில்லை. ஆகவே நம் ஊரில் குழாயில் ஈரம் கண்டால் ஒழுக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கீசர் முழுவதும் காய்ந்திருக்க, சுவரின் மறுபக்கம் பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தால் சுவருக்குள் போகும் குழாய். இரவு எல்லாரும் படுத்த பிறகு கூரைத் தண்ணீர்த் தாங்கியின் மட்டத்தை ஒரு குச்சியில் அடையாளம் வைத்து, பம்பை நிறுத்திவிட்டு, விடிய எழுந்து பாருங்கள். அடுத்த இரவு கீசருக்குப் போகும் தண்ணீரை நிறுத்தும் கேற் வால்வை மட்டும் மூடிவிட்டு அதையே செய்யுங்கள். முதல் இரவு குறைந்து இரண்டாம் இரவு குறையாவிட்டால், உடைப்பு கீசர் லைனில்தான். சுவரை உடைக்கும் மேசனுக்கு எந்த இடத்தைக் காட்டுவது என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஹோஸும் இணைப்பும்

நான் போகும் வீடுகளில் அதிகம் காண்பது இதைத்தான். கம்பி பின்னிய ஹோஸுக்குள் இருப்பது வெறும் ரப்பர் குழாய். கடற்கரைக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் விழும். பிறகு ஒவ்வொரு இழையாக அறும். புள்ளியைக் கண்டவுடன் மாற்றுங்கள். ஒழுகும்வரை காத்திருந்தால் அது ஒழுகாமல் வெடிக்கும். நிலாவெளியில் வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளில் ஒரு ஹோஸ் வெடித்து, 1000 லீற்றர் தாங்கி முழுவதும் வீட்டுக்குள் காலியானதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது கேற் வால்வை மூடிவிட்டுப் போங்கள்.

கழற்ற, கீசருக்குப் போகும் கேற் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். கீழே வாளி. இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்று ஹோஸ் நட்டைத் திருப்ப, மற்றது கீசரின் குழாய்முனையை அசையாமல் பிடிக்க. ஒற்றை ஸ்பானரால் இழுத்தால் தாங்கியில் ஒட்டியிருக்கும் முனையே முறுகும். அங்கே கண்ணாடிப் பூச்சு வெடித்தால் நல்ல கீசரை நாமே கொன்றுவிடுகிறோம்.

ஹோஸின் நட்டுக்குள் ரப்பர் வோசர் இருக்கும். தண்ணீரை நிறுத்துவது அந்த வோசர்தான். மரை நட்டைப் பிடித்து வைப்பதற்கு மட்டும். ஆகவே ஹோஸ் நட்டின் மரையில் திரெட் டேப் சுற்றுவதால் ஒரு பயனும் இல்லை. டேப் குவிந்து வோசரைச் சரியாக உட்கார விடாமல் செய்யும். வோசர் கல்லுப்போல இறுகியிருந்தாலோ பிளந்திருந்தாலோ புதியது போடுங்கள். கையால் முழுக்க இறுக்கி, பிறகு ஸ்பானரால் கால் சுற்று. அதற்குமேல் இறுக்கினால் வோசர் நசுங்கிப் பிதுங்கும்.

டேப் தேவைப்படுவது வோசர் இல்லாத இடங்களுக்கு: வால்வு கீசரில் பூட்டும் மரை, நிப்பிள், எல்போ. மரையின் வாய் உங்களைப் பார்த்தபடி பிடித்து, மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாக, இழுத்துப் பிடித்தபடி சுற்றுங்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் அரை இஞ்சி மரைக்குப் பத்துச் சுற்று. எதிர்ப்பக்கம் சுற்றினால் பூட்டும்போதே உரிந்து வந்துவிடும். இறுக்கிய பிறகு "சரியாக நேராக இல்லையே" என்று பின்னால் ஒரு சொட்டுத் திருப்பினாலும் டேப் விட்டுவிடும். கழற்றி மறுபடி சுற்றத்தான் வேண்டும்.

சுடுதண்ணீர்ப் பக்கத்தில் சாம்பல் நிறச் சாதாரண பிவிசி குழாய் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். செலவு மிச்சம் என்று பல வீடுகளில் போட்டிருக்கிறார்கள். பிவிசி 60 பாகையை நெருங்கும்போது இளகத் தொடங்கும். இணைப்பு மெல்ல மெல்ல விலகி ஒழுகும். எத்தனை தடவை பசை பூசினாலும் நிற்காது. சுடுதண்ணீருக்கு சிபிவிசி போட வேண்டும், அது 90 பாகை வரை தாங்கும். அதற்கான பசையும் வேறு. பிவிசி பசையை வைத்து சிபிவிசியை ஒட்டாதீர்கள்.

பாதுகாப்பு வால்வு

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகாத திருகோணமலைக்காரர் இருக்க மாட்டார். ஏழு கிணறு, ஏழு சூடு. எவ்வளவு சூடானாலும் அந்தக் கிணறுகளுக்கு ஆபத்தில்லை, ஏனென்றால் மேலே திறந்திருக்கின்றன. கீசர் மூடிய கிணறு. தண்ணீர் சூடேறினால் பெருக்கும். 30 லீற்றர் தண்ணீர் 28 பாகையிலிருந்து 65 பாகைக்குப் போகும்போது கிட்டத்தட்ட அரை லீற்றர் கூடுகிறது. வால்வுக்குள் இருக்கும் ஒருவழிக் கதவு அந்த அரை லீற்றரைத் திரும்பக் குளிர் தண்ணீர்க் குழாய்க்குள் போக விடாது. மேலே போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி, வால்வின் மேல் அடித்திருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 8 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு), வந்ததும் வால்வு திறந்து சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. அதுதான் சூடேறும்போது நீங்கள் காணும் சொட்டு. தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கொண்டு, சூடு மிஞ்சினால் கரண்டை வெட்டும் கருவியும் வேலை செய்யாமல் போனால், தாங்கி வெடிக்காமல் காப்பாற்ற மிஞ்சியிருப்பதும் அந்த ஒரு வாய்தான். சுவரையே தள்ளிவிடும் வலு அந்த வெடிப்புக்கு உண்டு. அந்த வாயில் மரக்கட்டை செருகியிருந்ததையும், பிளக் பூட்டியிருந்ததையும் நான் கண்டிருக்கிறேன். இரண்டு தடவையும் அதைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட்டேன்.

ஆறிய பிறகும் சொட்டுகிறதா? கொஞ்சம் கணக்குப் பாருங்கள். கூரைத் தண்ணீர்த் தாங்கி கீசரிலிருந்து 4 மீற்றர் உயரத்தில் இருந்தால் அது தரும் அழுத்தம் 0.4 பார்தான். 8 பாரில் திறக்க வேண்டிய வால்வை அது அசைக்கவே முடியாது. அப்படியும் சொட்டினால் வால்வின் இருக்கையில் மணலோ சுண்ணாம்போ சிக்கியிருக்கிறது. வால்வில் இருக்கும் நெம்பை (சிறு கைப்பிடியை) தூக்கி ஐந்து விநாடி தண்ணீரைப் பாய விட்டு விடுங்கள். மூன்று தடவை செய்யுங்கள். பாதிக்குப் பாதி இதிலேயே நிற்கும். நிற்காவிட்டால் வால்வைப் பிரித்துத் திருத்தப் பார்க்காமல் புதியது போடுங்கள். அதே பார் அளவு, உடலில் இருக்கும் அம்புக்குறி கீசரைப் பார்த்தபடி. வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் வேறு எந்த அடைப்பானும் இருக்கக் கூடாது.

ஊர்க் குழாய்த் தண்ணீரைத் தாங்கியில்லாமல் நேராகக் கொடுத்திருந்தாலோ, விருந்தினர் அறைகளுக்கு அழுத்தப் பம்ப் வைத்திருந்தாலோ கணக்கு மாறும். ஊரில் பாவனை குறையும் நடு இரவில் குழாய் அழுத்தம் ஏறும். "பகலில் ஒழுங்கு, இரவில் மட்டும் சொட்டு" என்பவர்களுக்கு வால்வை மாற்றுவதால் பயனில்லை. கீசருக்கு முன்னால் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று போட வேண்டும்.

இலண்டனில் இருக்கும் மருமகன் வீட்டுப் பொயிலர் ஒழுகுகிறது என்று அண்மையில் ஒருவர் என்னிடம் கேட்டார். வீட்டையே சூடாக்கும் அந்தப் பொயிலரிலும் கதை இதேதான். அங்கே தண்ணீர் மூடிய வளையமாகச் சுற்றுகிறது. ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார், வால்வு திறப்பது 3 பாரில். பெருக்கும் தண்ணீருக்கு இடம் கொடுக்க, காற்று அடைத்த ஒரு கலம் இருக்கிறது. அந்தக் கலத்தில் காற்று இறங்கினால் சூடேறும் ஒவ்வொரு முறையும் வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாயில் தண்ணீர் சொட்டும். ஆறியதும் முள் பூச்சியத்துக்குப் போகும். முள்ளையும் வெளிக்குழாயையும் பார்த்துச் சொல்வது மட்டுமே வீட்டுக்காரர் வேலை. அங்கே எரிவது காஸ் என்பதால், மூடியைத் திறக்கும் வேலையைப் பதிவு பெற்ற காஸ் வேலைக்காரரிடம் விட்டுவிட வேண்டும்.

காஸ்கெட்டும் எலிமென்டும்

இது அரை நாள் வேலை. கரண்ட் வேலை பழகாதவர்கள் இந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுவது நல்லது. செய்பவருக்குப் பக்கத்தில் நின்று பார்க்கவாவது கீழே உள்ளதைப் படித்து வையுங்கள்.

பிரேக்கர் விழுந்திருக்க வேண்டும், கேற் வால்வு மூடியிருக்க வேண்டும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தே வையுங்கள். அந்த வழியாகக் காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் கீழே வரும். நீலப் பக்க ஹோஸைக் கழற்றுங்கள். வால்வை மட்டும் விட்டுவைத்தால் ஒருவழிக் கதவு தண்ணீரைத் தடுக்கும், ஆகவே நெம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது வால்வையும் கழற்ற வேண்டும். 30 லீற்றர் என்றால் மூன்று வாளிக்கு ஆயத்தமாக இருங்கள்.

மின் பகுதி மூடியைத் திறந்ததும் கைபேசியில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எந்த முனையில் என்று நினைவில் வைத்திருப்பேன் என்று நம்ப வேண்டாம். வயர்களைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டை இழுத்து எடுங்கள். அது சும்மா செருகியிருக்கும். தட்டின் நட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். தட்டு வரும்போது உள்ளே தங்கியிருக்கும் ஒன்றிரண்டு லீற்றர் சேற்றுத் தண்ணீரும் கூடவே வரும்.

இப்போது மூன்று விடயம் பார்க்க வேண்டும். எலிமென்டில் சுண்ணாம்பு அப்பியிருந்தால் வினாகிரியில் இரவு முழுவதும் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள், உறை வெடிக்கும். பிறகு மல்டிமீற்றரில் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்தால் 2000 வாட்ஸுக்கு 26 ஓம் அளவிலும், 1500 வாட்ஸுக்கு 35 ஓம் அளவிலும் காட்ட வேண்டும். ஒரு முனைக்கும் எலிமென்டின் உலோக உறைக்கும் நடுவே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் அதுதான் ட்ரிப் சுவிட்சைத் தள்ளியது. புதிய எலிமென்ட் தேவை.

மக்னீசியக் கம்பியைப் பலர் கவனிப்பதே இல்லை. அது அங்கே இருப்பது தேய்ந்து அழிவதற்காகவே. தண்ணீர் இரும்பைத் தின்னாமல் முதலில் அதைத் தின்னும். பாதிக்குமேல் கரைந்திருந்தாலோ நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்றுங்கள். முற்றாகக் கரைந்த பிறகு அடுத்த சாப்பாடு உங்கள் தாங்கிதான்.

காஸ்கெட், அதே மொடலுக்கானது. ஹார்ட்வெயார் கடைக்குப் பழையதைக் கையில் கொண்டு போங்கள். தாங்கியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பரையும் படிவையும் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, துணியால் துடையுங்கள். சிலிகோன் பூச வேண்டாம். வழுக்கிக்கொண்டு காஸ்கெட் விலகும். நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

கரண்ட் போட முன் தாங்கியை நிரப்புங்கள். சுடுதண்ணீர்க் குழாய் முதலில் காற்றைத் துப்பும், பிறகு இடைவெளியில்லாமல் தண்ணீர் வரும். அது வந்த பிறகுதான் மூடியைப் பூட்டிப் பிரேக்கரைத் தூக்கலாம். வெறும் தாங்கியில் எலிமென்டைப் போட்டால் சில நிமிடத்தில் எரிந்துபோகும். புதிய எலிமென்டை வாங்கிப் பூட்டிய அன்றே எரித்தவர்கள் உண்டு.

தாங்கியே ஓட்டை என்றால்

திருத்த முடியாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எம்-சீல் வைத்து அடைத்துத் தருகிறேன் என்று காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் விரிந்து சுருங்கும் இரும்பில், அழுத்தத்துக்கு எதிராக, அந்தப் பசை நிற்காது. வெல்டிங் செய்தால் அந்தச் சூட்டில் உள்ளே கண்ணாடிப் பூச்சு சுற்றிவர வெடித்து, ஒரு ஓட்டை அடைபட ஐந்து ஓட்டை பிறக்கும்.

புதியதை மாட்டும்போது பழைய ஹோஸையும் பழைய வால்வையும் திரும்பப் போடாதீர்கள். 50 லீற்றர் கீசர் தண்ணீரோடு 65 கிலோ அளவில் வரும். நம் வீடுகளில் பல சுவர்கள் உள்ளே பொள்ளல் உள்ள சீமெந்துக் கல்லால் கட்டியவை. அதில் சாதாரண போல்ட் பிடிக்காது. சுவரைத் துளைத்து மறுபக்கம் தட்டு வைத்து முடுக்குங்கள்.

நம் ஊர்த் தண்ணீர்

ஒரே நாளில் வாங்கிய இரண்டு கீசர்களில், பட்டணத்துக்குள் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் ஓடுவது நல்லபடியாக இருக்கும். கடற்கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் ஓடுவது அதற்கு முந்திப் போய்விடும். உவர்த் தண்ணீரில் இருக்கும் குளோரைடு கண்ணாடிப் பூச்சில் ஒரு ஊசிமுனைக் கீறல் கிடைத்தாலும் அதற்குள் புகுந்து இரும்பைக் குடையும். துருப்பிடிக்காத எஃகையும் அது விடாது. மேலே பளபளவென்று இருக்கும்போதே புள்ளி புள்ளியாகத் துளைக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மழை இல்லை, கிணறு இறங்குகிறது, உவர் ஏறுகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் நிறைந்து கீசர்கள் ஓயாமல் ஓடுவதும் அதே மாதங்களில்தான்.

கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காவிட்டால், கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்கு விழுந்தால், மக்னீசியக் கம்பியை வருடம் ஒருமுறை அல்ல, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். முடிந்தால் சிறிய தாங்கி ஒன்று தனியாக வைத்து, கீசருக்கு மட்டும் ஊர்க் குழாய்த் தண்ணீர் கொடுங்கள். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் கிணறு போதும். தெர்மோஸ்டாட்டையும் 75 இலிருந்து 55, 60 அளவுக்கு இறக்கினால் சுண்ணாம்பு படிவது குறையும், வால்வுச் சொட்டும் குறையும், கரண்ட் பில்லும் குறையும்.

சூரிய ஹீட்டரும் உடனடி ஹீட்டரும்

கூரையில் கண்ணாடிக் குழாய் வைத்த சூரிய ஹீட்டரில் பெரும்பாலும் ஒழுகுவது, குழாய் தாங்கிக்குள் நுழையும் இடத்திலிருக்கும் ரப்பர் வளையம். விடியற்காலையில், குழாய்களை மூடிவிட்டு வேலை செய்யுங்கள். உச்சி வெயிலில் காய்ந்து கிடக்கும் வெற்றுக் குழாய்களுக்குள் குளிர் தண்ணீரை விட்டால் கண்ணாடி படீரென்று வெடிக்கும். காற்றுப் போகும் மேல் குழாயை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

ஷவரோடு வரும் உடனடி ஹீட்டரில், நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் ஷவர் தலையில் சொட்டுவது இயல்பு. வெளியே போகும் பக்கத்தில் அடைப்பான் போட வேண்டாம்.

பழுது பார்த்த பிறகு

புதிய டிஷ்யூ பேப்பரை எல்லா இணைப்பிலும் திரும்பச் சுற்றிவிட்டு, மூன்று நிலையிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அன்றிரவு அப்படியே விட்டு விடியப் பாருங்கள். ரப்பர் வோசர் முதல் சில சூட்டில் படிந்து கொஞ்சம் தளரும். ஒரு வாரம் கழித்துக் கீசரை ஆறவிட்டு ஹோஸ் நட்டுகளை மெல்லத் தொட்டு இறுக்குங்கள். பிறகு வெளி மூடியில், பக்கவாட்டில், அழியாத பேனாவால் மூன்று திகதி எழுதுங்கள்: ஹோஸ் மாற்றியது, வால்வு மாற்றியது, மக்னீசியக் கம்பி பார்த்தது. அடுத்த தடவை நான் வந்தாலும் வேறொருவர் வந்தாலும் முதலில் தேடுவது அந்த மூன்று வரியைத்தான்.